நிறுத்துவது வேறு, தள்ளிவைப்பது வேறு: ஆய்வின் நடுவில் தாயாகப் போகும் ஒரு தங்கச்சிக்கு

“அக்கா, எனக்கு வயது 30. பினாங்கில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பாக்டீரியா சம்பந்தப்பட்ட ஆய்வு. இப்போது நாலு மாதம். சூப்பர்வைசரிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குப் பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை. மாமியார் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறார். ‘பேசாமல் நிறுத்திவிடு, பிள்ளை வளர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். நிறுத்திவிடட்டுமா? நிறுத்தினால் திரும்ப வர முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். தள்ளிவைக்க வேண்டியிருந்தால் தள்ளிவையுங்கள். இந்த இரண்டும் வீட்டில் பேசும்போது ஒன்றுபோலத்தான் கேட்கும், ஆனால் பல்கலைக்கழகப் பதிவில் இரண்டும் வெவ்வேறு படிவங்கள். தள்ளிவைத்தவரின் பெயர் பட்டியலில் இருக்கும், அவர் மேசைக்குத் திரும்பி வரலாம். நிறுத்தியவர் முதலிலிருந்து மனுப்போட வேண்டும், மானியம் புதிதாகத் தேட வேண்டும், அதற்குள் அவர் தலைப்பில் வேறு யாராவது கட்டுரை போட்டிருப்பார். இன்னொன்றும் சொல்கிறேன். பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆகும்வரை இந்தக் கேள்விக்கு முடிவான பதில் எதுவும் எடுக்காதீர்கள். பேறுகாலத்திலும் தூக்கமில்லாத முதல் ஆண்டிலும் எடுக்கிற முடிவுகளில் பாதி, களைப்பு எடுக்கிற முடிவுகள்.

நானும் நுண்ணுயிரியல்காரிதான். கோலாலம்பூரிலும் பினாங்கிலுமாக 25 ஆண்டுக்கு மேல் லேப்பில் கழிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நாடு முழுக்க நிப்பா கிருமியைப் பற்றிய பேச்சு, 1999. நானும் அப்போது இரண்டாம் ஆண்டுதான். அதற்குப் பிறகு என் கீழ் ஆய்வு செய்த பெண்களில் பலர் இடையில் தாயானார்கள். சிலர் முடித்தார்கள், சிலர் முடிக்கவில்லை. இரு சாராரையும் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை, இந்த வாரமே சூப்பர்வைசரிடம் சொல்வது. மூன்று மாதம் தாண்டாமல் வெளியே சொல்லக்கூடாது, கண்பட்டுவிடும் என்பது நம் வீட்டு வழக்கம். அது சொந்தக்காரர்களுக்குச் சரி. லேப்பைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்கெனவே தாமதம். அவருக்கு மரியாதை காட்டுவதற்காகச் சொல்லச் சொல்லவில்லை, உங்கள் உடம்புக்காகச் சொல்கிறேன்.

பாக்டீரியா ஆய்வு என்றால் ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்க ஃபீனாலும் குளோரோஃபார்மும் கையாளுவீர்கள் என்று நினைக்கிறேன். அதை இனி வேறொருவர் செய்யட்டும், அல்லது அந்தக் கரைசல்கள் தேவைப்படாத கிட்டுக்கு மாறுங்கள். ஜெல்லில் டி.என்.ஏ. தெரிவதற்கு எத்திடியம் புரோமைடு போடுகிறீர்களா? அது டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் டி.என்.ஏ. ஒளிர்ந்து தெரிகிறது, அதனாலேயே அது மரபுப் பிழை உண்டாக்கக்கூடிய பொருள் என்று ஒதுக்கிவைக்கிறோம். மாற்றுச் சாயங்கள் கடையில் வந்து வெகுகாலம் ஆகிறது. அக்ரிலமைடு தூளாகவும் கரைசலாகவும் இருக்கும்போது நரம்பு நஞ்சு, ஆயத்த ஜெல் வாங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. ஃபார்மலின் இருக்கும் அறைப்பக்கம் போகவேண்டாம். லேப்பில் யாராவது லிஸ்டீரியா வளர்க்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும் அந்தக் கிருமி, கர்ப்பிணிக்கு வந்தால் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையைப் பிடிக்கும். கதிரியக்கப் பொருள் கையாளும் லேப்பாக இருந்தால், கர்ப்பம் என்று அறிவித்த நாளிலிருந்து பிரசவம்வரை பிள்ளைக்குச் சேரும் கதிர்வீச்சின் அளவு 1 மில்லிசீவர்ட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட வரம்பு. நீங்கள் அறிவிக்காதவரை அந்தக் கணக்கை யாரும் தொடங்கமாட்டார்கள். புற ஊதா விளக்கைப் பற்றி என் மாணவிகள் நிறையப் பயப்படுவார்கள். அது கண்ணையும் தோலையும் சுடும், வயிற்றுக்குள் இறங்காது. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் கனமான கூடையைத் தூக்கி இறக்குவதை மட்டும் மற்றவர்களிடம் விடுங்கள்.

இதைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு உங்கள் வீட்டுக்காரர் வேலை செய்யும் பாயான் லெப்பாஸும் ஒரு காரணம். 1972இல் அங்கே தடையற்ற வணிக வட்டாரம் திறந்தபோது, சிப்புத் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், தோட்டங்களிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் வந்த நம் பெண்கள். அந்தத் தொழிலில் வடிவம் பதிக்கும் கட்டத்தில் கிளைக்கால் ஈத்தர் என்ற கரைப்பான்களைப் பயன்படுத்தினார்கள். 1980களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலைப் பெண்களுக்குக் கரு கலைவது அதிகமாக இருந்ததை ஓர் ஆய்வு கவனித்தது. 1992 வாக்கில் இன்னும் பெரிய ஆய்வுகள் அதையே உறுதிப்படுத்தின. அதன்பிறகுதான் அந்தக் கரைப்பான்களைக் கைவிடத் தொடங்கினார்கள். அதுவரை ஒவ்வொரு பெண்ணும் அதைத் தன் தலையெழுத்து என்றோ, தன் உடம்பின் குறை என்றோ நினைத்து அழுதிருப்பாள். யாரோ எண்ணிப் பார்த்ததால்தான் அது கரைப்பானின் வேலை என்று தெரிந்தது. நீங்கள் சொன்னால்தான் உங்கள் லேப்பிலும் யாராவது எண்ணத் தொடங்குவார்கள்.

சொல்லும்போது வெறுமனே “நான் கர்ப்பமாக இருக்கிறேன் டாக்டர்” என்று நிறுத்திவிடாதீர்கள். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: இன்னும் ஐந்து மாதத்தில் நான் செய்யக்கூடிய வேலைகள் இவை, செய்யக்கூடாதவை இவை, அவற்றை இன்னாரோடு இப்படி மாற்றிக்கொள்கிறேன். உங்களுக்குப் பதிலாக இன்னொரு மாணவர் ஆர்.என்.ஏ. எடுத்துக் கொடுத்தால், அவருடைய மரபணு வரிசைத் தரவுகளை நீங்கள் கணினியில் அலசிக் கொடுங்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் மனத்தாங்கல்தான்.

இதை வலியுறுத்துவதற்கு என் சொந்த அனுபவம் காரணம். நான் சொன்னபோது யாரும் என்மேல் கோபப்படவில்லை. எல்லோரும் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். “நீ ஏன்மா அலையணும், ரெஸ்ட் எடு” என்று என் மாதிரிகளை எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். ஒரு மாநாட்டுக்கு என் ஆய்வுச் சுருக்கம் தேர்வாகியிருந்தது. “இந்த நிலைமையில் விமானம் ஏறவேண்டாம்” என்று என்னைக் கேட்காமலே இன்னொருவர் பெயரைப் போட்டு அனுப்பினார்கள். அப்போது எனக்கு ஐந்து மாதம். விமானம் ஏறலாம் என்று என் டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை பிறந்து திரும்பி வந்தபோது அந்த மாதிரிகளிலிருந்து வந்த கட்டுரையில் என் பெயர் நாலாவது. சண்டை போடவும் வழியில்லை, ஏனென்றால் எல்லாம் என் நன்மைக்காகச் செய்தது. இன்றும் எனக்கு அது வலிக்கிறது. முகத்துக்கு நேரே “பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு” என்று சொல்கிறவரைச் சமாளித்துவிடலாம் தங்கச்சி. அன்பாக ஓரங்கட்டுகிறவர்களிடம்தான் நம் பெண்கள் அதிகம் இழக்கிறார்கள். யாராவது உங்களுக்காக முடிவெடுத்தால், சிரித்த முகத்தோடு “டாக்டர், அதை நானே முடிவு செய்துகொள்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுகிறேன்” என்று சொல்லிப் பழகுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டுத் தொழில் சட்டத்தில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியது என்று எல்லாரும் அறிவார்கள். அந்தச் சட்டம் வேலை ஒப்பந்தம் உள்ள பணியாளருக்கானது. நிரந்தர விரிவுரையாளருக்கு அரசுச் சேவை விதிகள் தனியாக உண்டு. உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஆய்வு செய்யும் மாணவி இந்த இரண்டிலும் இல்லை. நீங்கள் காலை எட்டு மணிக்கு லேப்பைத் திறந்து இரவு ஏழு மணிக்கு மூடலாம், இளங்கலைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாம், கருவிகளைப் பழுதுபார்க்கலாம். அப்படியிருந்தும் காகிதத்தில் நீங்கள் மாணவி. உங்கள் நிலை எது என்று தெரியவேண்டுமானால் மாதாமாதம் வரும் பணத்தைப் பாருங்கள். அதில் ஊழியர் சேமநிதியும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் பிடித்தம் ஆகியிருந்தால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் வேலை ஒப்பந்தம், அதில் பிரசவ விடுப்பு என்ன என்று எழுதியிருக்கும். பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுத்தொகையும் வந்தால் அது உதவித்தொகை. அப்போது உங்களுக்கு இருக்கும் வழி செமஸ்டரைத் தள்ளிவைப்பது.

தள்ளிவைக்கும் விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அதனால் முதுகலைப் படிப்பு அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். தள்ளிவைத்த செமஸ்டர் என் படிப்புக் காலத்தில் எண்ணப்படுமா? அந்த மாதங்களில் உதவித்தொகை நிற்குமா, நின்றால் திரும்ப வந்ததும் மிச்சத் தொகை கிடைக்குமா அல்லது மானியத்தின் கடைசித் தேதியோடு காலாவதி ஆகிவிடுமா? இடைப்பட்ட காலத்தில் நூலகமும் மின்னஞ்சலும் திறந்திருக்குமா? மூன்றுக்கும் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். கவுண்டரில் இருக்கும் அக்கா நல்லவராக இருப்பார், வாயால் “ஓக்கே, போலே” (சரி, முடியும்) என்பார், அடுத்த செமஸ்டரில் அவர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார். வெளி நிதியில் படிக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பாதியில் நின்றால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற விதி அதில் இருக்கக்கூடும். “நிறுத்திவிடு” என்று சொல்லும் மாமியாருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாலே பேச்சு மாறலாம்.

இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்றால், ஆய்வு மானியங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான் வருகின்றன. உங்கள் உதவித்தொகை சூப்பர்வைசரின் மானியத்திலிருந்து வந்தால், நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் அவருடைய மானியத்தின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் உங்கள் செய்தியைக் கேட்டு ஒரு நிமிடம் மௌனமாக இருந்தால் அதற்குப் பின்னால் அந்தக் கணக்கு ஓடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அவருக்கும் கேபிஐ என்ற வேலை இலக்கு உண்டு: ஆண்டுக்கு இத்தனை கட்டுரை, இத்தனை மாணவர் குறித்த காலத்தில் பட்டம் பெறவேண்டும். மானியக் காலத்தை நீட்டிக்க மனுச்செய்ய முடியுமா என்று நீங்களே பேச்சை எடுத்தால் அவருக்கும் மூச்சு வரும்.

இந்தக் கடிகாரம்தான் முழு விஷயத்தின் மையம் என்பது என் கருத்து. அறிவியல் வாழ்க்கை முழுக்க “பட்டம் பெற்று எத்தனை ஆண்டு, அதற்குள் எத்தனை கட்டுரை” என்ற கணக்கில் ஓடுகிறது. இளம் ஆய்வாளர் நிதி, விருது, பதவி உயர்வு எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வயது வரம்போ ஆண்டு வரம்போ ஒளிந்திருக்கும். முப்பதிலிருந்து நாற்பதுக்குள் ஓடி முடிக்கவேண்டிய ஓட்டம் அது. பிள்ளை பெறுவதற்கு உடம்பு கொடுக்கும் காலமும் அதேதான். இந்த மோதலை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை, ஆனால் வேண்டுமென்றால் திருத்தலாம். ஐரோப்பிய ஆய்வு மன்றம் தன் மானியங்களுக்கு மனுச்செய்யும் தாய்மார்களுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 18 மாதம் தகுதிக் காலத்தைக் கூட்டித் தந்தது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் கொண்டுவந்த விதிப்படி முனைவர் பட்ட மாணவிக்குப் படிப்புக் காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு, அதிகபட்சக் காலத்திலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. அந்த விதி ஆய்வு மாணவிகளுக்கென்றே எழுதப்பட்டது, கவனியுங்கள். இங்கே நம் பல்கலைக்கழகங்களின் மகளிர் குழுக்கள் கேட்கவேண்டியது அதைத்தான். நீங்கள் முடித்த பிறகு, உங்களுக்கு அடுத்து வருகிறவளுக்காக நீங்களும் கேளுங்கள்.

மலேசியாவில் ஆய்வாளர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். உலக அளவில் மூன்றில் ஒரு பங்குதான். மாநாட்டு மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கும் பெருமைதான். மஸ்லான் ஓத்மான் ஐக்கிய நாடுகளின் விண்வெளி அலுவலகத்துக்கே தலைமை தாங்கினார். டைஃபாய்டு காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்கிய அஸ்மா இஸ்மாயில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தரானார். ஆனால் நாட்டின் வேலைச் சந்தை முழுவதையும் பார்த்தால் பெண்களின் பங்கேற்பு சுமார் 56 விழுக்காடு, ஆண்களுடையது 80க்கு மேல். இருபதுகளின் பிற்பாதியில் உச்சிக்குப் போகும் பெண்களின் கோடு அதற்குப் பிறகு இறங்கத் தொடங்குகிறது, மீண்டும் ஏறுவதில்லை. பல நாடுகளில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் அந்தக் கோடு இன்னொரு முறை எழும். “பிள்ளை வளர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்று உங்கள் மாமியார் சொல்வதற்கு நம் நாட்டின் கணக்கு சாதகமாக இல்லை. இவ்வளவு பெண்கள் உள்ளே வந்தும் நடுவழியில் எங்கே போகிறார்கள் என்று நான் என் துறையின் பழைய புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பதுண்டு.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முதல் பிள்ளைக்குப் பிறகு சில ஆண்டுகளில் முழுநேர அறிவியல், தொழில்நுட்ப வேலையை விட்டவர்களைக் கணக்கெடுத்தது. பெண்களில் 43 விழுக்காடு. ஆண்களிலும் 23 விழுக்காடு. அந்த இரண்டாவது எண்ணை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். பிள்ளை வந்தால் வேலை நெருக்கும் என்பது பெண்ணின் பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல பதில்.

அவரைப் பற்றிப் பேசுவோம். உங்களுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் அவருக்கு இருக்கிறது. அதே 2023 திருத்தத்தில் தந்தைக்குச் சம்பளத்தோடு தொடர்ச்சியாக 7 நாள் விடுப்பு வந்தது. அந்த முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்கவேண்டும், பிரசவத்துக்கு 30 நாள் முன்பாவது தெரிவிக்கவேண்டும். ஏழு நாள் போதாது, இருந்தாலும் விடாதீர்கள். அதைவிடப் பயனுள்ளது இன்னொன்று. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி அவர் எழுத்தில் மனுச்செய்யலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லவேண்டும், மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். ஷிஃப்ட் வேலையில் வீட்டிலிருந்து செய்வது நடக்காது. ஆனால் மாறி மாறி வரும் ஷிஃப்டை ஆறு மாதத்துக்கு ஒரே ஷிஃப்டாக வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அவருக்கு நிரந்தர இரவு ஷிஃப்ட் என்றால் காலை ஏழரைக்கு வீடு வருவார், தூங்கி எழுந்து மாலையில் பிள்ளையைப் பார்ப்பார். அது நல்ல வாழ்க்கையா என்று கேட்டால், கொஞ்ச காலத்துக்குத் தாங்கலாம் என்பேன். வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்டில் எந்த ஏற்பாடும் நிலைக்காது, லேப்பில் எந்தச் சோதனையையும் திட்டமிட முடியாது. என் மாணவிகளில் இருவர் திணறியது பிள்ளையால் இல்லை, இந்த ஷிஃப்ட் அட்டவணையால்.

மாமியாரை எதிரியாக நினைக்காதீர்கள். அவர் தலைமுறைப் பெண்களில் பலர் பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறியவர்கள், அந்த வேதனை அவர்களுக்குத் தெரியும். நான் என் மாமியாரிடம் “படிப்பு முக்கியம்” என்று வாதாடி இரண்டு ஆண்டு வீணாக்கினேன். பிறகு ஒரு நாள் அவரை லேப்புக்கே கூட்டிப்போனேன். தட்டில் வளர்ந்த கிருமிகளைக் காட்டி, இது எந்த நோயைத் தருகிறது, மருந்து ஏன் பிடிக்காமல் போகிறது என்று சொன்னேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தன் தம்பி காய்ச்சலில் இறந்துபோன கதையை அவர் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் “திங்களும் புதனும் நான் பார்த்துக்கிறேன்” என்றார். எல்லா மாமியாரும் அப்படி மாறுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் “உதவி செய்யுங்கள் அத்தை” என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல எளிது. பத்திய நாட்களுக்கு அவர் வரட்டும், சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் அவர் கையால் சாப்பிடுங்கள். அந்த முதல் மாதம் லேப்பை நினைக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு பிள்ளையைத் தினமும் பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாமில் விட்டு வரலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலையில் தீவுக்கு வரும் நெரிசலும் மாலையில் திரும்பும் நெரிசலும் உங்களுக்குத் தெரியாததா? பிள்ளை இருக்கும் இடம் லேப்புக்குப் பதினைந்து நிமிடத் தூரத்துக்குள் இருக்கவேண்டும். என்னைக் கேட்டால் மற்ற எல்லா ஏற்பாட்டையும்விட இது முக்கியம். தாய்ப்பால் கொடுக்க ஓடலாம், காய்ச்சல் என்று கூப்பிட்டால் ஓடலாம், சோதனை பாதியில் நின்றாலும் திரும்பி வரலாம். உங்கள் வளாகத்தில் தாஸ்கா (பிள்ளைப் பராமரிப்பு மையம்) இருந்தால் இப்போதே பெயரைக் கொடுத்துவையுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கலாம். வெளியே பார்ப்பதென்றால் பதிவுபெற்ற தாஸ்காவாகப் பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர் என்பது விதி. போய் நின்று எண்ணிப் பாருங்கள். கட்டணத்தில் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வீட்டுக்காரர் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

தாய்ப்பால் எடுத்துவைக்கிறீர்கள் என்றால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் லேப் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். ரசாயனமும் கிருமியும் இருக்கும் பெட்டி அது. சின்ன ஐஸ் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஊழியர் அறைக் குளிர்பெட்டியில் ஒரு தட்டு கேளுங்கள். கறந்த பால் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 நாள் தாங்கும். நம் ஊர் வெயிலில் முதல் எண்ணை நான் நம்பமாட்டேன், உடனே குளிரில் வைத்துவிடுவேன். பால் எடுக்கக் கதவு பூட்டும் அறை ஒன்று வேண்டும் என்று துறையில் கேளுங்கள். நான் கழிப்பறையில் உட்கார்ந்து எடுத்தேன். யாரும் அப்படிச் செய்யக்கூடாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுவேலைக்கு ஆள் வைப்பதை நம் பெண்கள் குற்றமாக நினைக்கிறார்கள். 1995இல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய உயிரியலாளர் கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்ட் 2004இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பிள்ளை உள்ள இளம் பெண் ஆய்வாளர்களுக்கு அது பணம் தருகிறது, கருவி வாங்குவதற்கு இல்லை, வீட்டுவேலைக்கும் பிள்ளை பார்ப்பதற்கும் ஆள் வைப்பதற்கு. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் தன் லேப்பில் இருந்த பெண்களுக்கு எது குறைகிறது என்று சரியாகப் பார்த்திருக்கிறார்: நேரம். நம்மிடம் அப்படி அறக்கட்டளை இல்லை. வாரம் ஒருமுறை நாலு மணி நேரம் வீடு துடைக்க ஓர் அக்கா வந்தால் அந்த நாலு மணி நேரம் ஒரு அத்தியாயத்தின் இரண்டு பக்கம். நகைக்குப் போடும் சீட்டை ஓராண்டு இதற்கு மாற்றுங்கள்.

எவ்வளவு முயன்றும் நிறுத்தத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால்? அப்படியும் நடக்கும். குறைமாதப் பிள்ளை, நீண்ட சிகிச்சை, வீட்டில் வேறு நோயாளி. அது தோல்வி ஆகாது. அப்போது முனைவர் பட்டத்தை முதுகலைப் பட்டமாக மாற்றி வெளியேற முடியுமா என்று கேளுங்கள், இரண்டு ஆண்டு வேலை வெறுங்கையோடு போகக்கூடாது. குறைந்தது 2 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு நம் நாட்டில் வருமான வரி விலக்கும் மறுபடி வேலையில் சேர உதவும் திட்டமும் உண்டு. பாயான் லெப்பாஸில் மருத்துவக் கருவி நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன, கிருமிநீக்கச் சோதனை தெரிந்த நுண்ணுயிரியல்காரிக்கு அங்கே வேலை உண்டு. அறிவியல் பல்கலைக்கழகச் சுவருக்குள் மட்டும் நடப்பதில்லை.

ஆனால் இன்றைக்கு நீங்கள் அந்த இடத்தில் இல்லை. உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. மனித உயிரணு வளர்ப்பவர்கள் தைப்பூசத்தன்றும் வந்து தீனி போடவேண்டும். உங்கள் பாக்டீரியாவுக்குக் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். அதனால் ஏழாம் மாதத்துக்குள் முக்கியமான ஒவ்வொரு வகையையும் இரண்டு குப்பிகளில் போட்டு, இரண்டு வெவ்வேறு உறைபெட்டிகளில் வையுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் உங்கள் பெயர், வகையின் பெயர், தேதி. பெட்டி மூடியில் “இன்ன மாதம் திரும்பி வருவேன், எடுக்கவேண்டாம்” என்று அழியாத மையில் எழுதி, பட்டியலின் ஒரு பிரதியைச் சூப்பர்வைசருக்கும் லேப் உதவியாளருக்கும் அனுப்புங்கள். நான் அறுபது நாள் விடுப்பு முடிந்து வந்தபோது யாரோ உறைபெட்டியைச் சுத்தம் செய்திருந்தார்கள். என் குப்பிகளில் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. பதினோரு மாத வேலை. திரும்பச் செய்ய எனக்கு இன்னொரு ஆண்டு ஆனது. வளைகாப்புக்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள், தங்கச்சி.